ஸ்கிசோடைபல் ஆளுமைக் கோளாறு: ஒரு பெயரின் வரலாறு

மனச்சிதைவு நோயாளிகளின் உறவினர் சிலரிடம், நோய் முற்றாமலேயே விசித்திரமான பேச்சும் ஒதுங்கும் சுபாவமும் தென்படுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்துவந்தனர். ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் சாண்டோர் ராடோ 1950களில் இத்தகையோரை ‘ஸ்கிசோடைப்’ என்றார். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு, பின்னர் மனச்சிதைவுக்கு ஆளானவர்களை ஆராய்ந்தபோது, வளர்த்தவர்களைவிடப் பெற்றவர்வழி உறவினரிடமே இக்குணங்கள் கூடுதலாகத் தெரிந்தன. அந்த ஆய்வின் வலுவில், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது தனிக் கோளாறானது. உலகச் சுகாதார நிறுவனமோ இதை மனச்சிதைவோடு சேர்த்தே வகைப்படுத்துகிறது.

அடையாளங்களுள் மிகச் சிக்கலானது மாய நம்பிக்கை. கண்ணேறு கழிப்பதும் குறிகேட்பதும் ஊர் வழக்கமென்றால் அவை நோயல்ல. அமெரிக்கக் கையேடே கண்ணேற்றைச் சுட்டி இப்படி எச்சரிக்கிறது. தன் சமூகத்தாருக்கே விளங்காத நம்பிக்கையோடு, நெருங்கிய உறவுகளில் தீராத அச்சமும் நீண்டகாலம் தொடர்ந்தால்தான் மருத்துவர் ஐயுற இடமுண்டு. சாமியாடும் பெண்ணுக்கு இப்பெயரைச் சூட்டுவது பெரும்பிழை.