பாகத்தின் நாடும் உழைப்பின் கூலியும்

ஒரு மோட்டார் வண்டி எந்த நாட்டுப் பண்டம்? வட அமெரிக்க வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை மாறிவந்ததை நாம் காண்கிறோம்.

1965இல் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் ஒப்பந்தஞ்செய்து வண்டிகள், பாகங்கள் மீதான தீர்வையை நீக்கின. உள்நாட்டு உற்பத்தி குன்றலாகாதெனக் கனடா நிபந்தனை விதித்தது. மெக்சிக்கோவையும் சேர்த்த 1994ஆம் ஆண்டு உடன்படிக்கை, தீர்வையின்றிச் செல்லும் காரின் பெறுமதியில் படிப்படியாக 62.5 சதவீதம் அம்மூன்று நாடுகளுக்குள் உருவாதல் வேண்டுமென்றது. பாகம் பிறந்த மண்ணை எண்ணிய அவ்விதி, அதைச் செய்தவரின் கூலியை எண்ணவில்லை. கூலி குறைந்த மெக்சிக்கோவில் தொழிற்சாலைகள் பெருகின.

2020இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையோ அவ்வளவை 75 ஆக உயர்த்த வகுத்ததோடு, 40 சதவீதம் மணிக்குச் சராசரி 16 டொலரேனும் பெறும் தொழிலாளரிடமிருந்து வரவேண்டுமென்றது. வேலையை வடக்கே இழுக்கும் நோக்கமும் அதிலுண்டு. ஆயினும், உழைப்பவரின் கூலி கணக்கேட்டில் ஏறியது. பாகத்தின் நாட்டை மட்டும் கேட்பது பாதிக் கேள்வியே என்பதை நாம் மறத்தலாகாது.