'ஒரே ஒரு மேட்ச் மச்சி!' - ராங்க் புஷ் பண்ற கை கதையும் எழுதுமா?

'இன்னிக்கு நைட்டு அந்தச் சிறுகதையை முடிச்சே ஆகணும்' என்று உட்காருவீர்கள். சரியா அப்பப் பார்த்து ஸ்குவாடிலிருந்து இன்வைட் வரும். 'ஒரே ஒரு மேட்ச்தானே மச்சி!' போச்சிங்கியில் இறங்கி, கடைசி வட்டம் வரை தாக்குப்பிடித்து, இரண்டாவது இடத்தில் செத்துப்போனால் மனசு ஆறுமா? இன்னொரு மேட்ச். அப்புறம் இன்னொன்று. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். நோட்ஸ் ஆப்பில் கதையின் முதல் வரி மட்டும் அநாதையாக நிற்கும்.

கேமும் பிடிக்கும், எழுதவும் பிடிக்கும் என்பவர்களுக்குக் கிடைக்கும் அட்வைஸ் பெரும்பாலும் ரெண்டுதான். ஒன்று, 'அன்இன்ஸ்டால் பண்ணு.' இது ஒரு வாரம்கூடத் தாங்காது. இன்னொன்று, 'டைம் டேபிள் போடு.' கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால், ஆறு மணிக்கு கேம், எட்டு மணிக்கு எழுத்து என்று போட்டுவைத்தவர்களும் எட்டு மணிக்கு வெற்றுத்திரையைத்தான் வெறித்துப் பார்க்கிறார்கள். ஏன்னா, எழுத்துக்கு வேண்டியது மேசை முன்னால் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னலோரம், குளிக்கும்போது, தூக்கம் வருவதற்கு முன்னால் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்று மனசு எதையோ அசைபோட்டுக்கொண்டே இருக்குமே, கதை வளர்வது அங்கேதான். கேம் நைஸாக வந்து உட்கார்ந்துகொள்வதும் அதே இடத்தில்தான்.

இது சும்மா சொல்வதல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த தூக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டிக்கோல்ட், சிலரை நாள்தோறும் டெட்ரிஸ் ஆடவைத்து ஒரு ஆய்வு செய்தார். 2000-ல் வெளியானது. கண் சொருகும் நேரத்தில், பலருக்கும் கண்ணுக்குள் அந்தக் கட்டங்கள் மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் குழுவில் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளே தங்காதவர்களும் இருந்தார்கள். டெட்ரிஸ் ஆடியதே ஞாபகம் இல்லாத அவர்களில் சிலருக்கும் கட்டங்கள் விழுந்தன! நாம் மணிக்கணக்கில் ராங்க் புஷ் பண்ணிவிட்டுப் படுத்தால், தலைக்குள் யார் நடமாடுவார்கள்? நிச்சயமா நம்ம கதாநாயகி இல்லை.

ஒரு வருஷம் காணாமல்போன மார்ட்டின்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினுக்கே இது நடந்திருக்கிறது. 1983-ல் அவருடைய பிறந்தநாளுக்கு விக்டர் மிலன் என்ற எழுத்தாள நண்பர் 'சூப்பர்வேர்ல்ட்' என்ற விளையாட்டைப் பரிசாகக் கொடுத்தார். வீடியோ கேம் அல்ல. நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாக நடிக்கும் ரோல் பிளேயிங் விளையாட்டு. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் மார்ட்டின்தான். ஒரு வருஷத்துக்கும் மேல் மனுஷனை அது முழுங்கிவிட்டது. எழுத்துதான் சோறு போடும் தொழில். அந்த எழுத்து படுத்துக்கொண்டது. அதே 1983-ல் வெளியான அவருடைய நாவலும் சரியாக விற்கவில்லை. பாக்கெட் காலி ஆகும்போதுதான், 'இவ்வளவு கேரக்டர்களை உருவாக்கியிருக்கோமே, இதையே எழுதினா என்ன?' என்ற யோசனை வந்தது. கூட ஆடியவர்களும் எழுத்தாளர்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே உலகத்தில் ஆளுக்கொரு கதை எழுத, 1987-ல் 'வைல்ட் கார்ட்ஸ்' முதல் தொகுதி வந்தது. அந்த வரிசை இன்று 30 புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

'பார்த்தியா, மார்ட்டினே ஆடித்தான் எழுதினார்' என்று கிளம்பிவிடாதீர்கள். அவர் ஆடியது கேம் மாஸ்டராக. வாரா வாரம் வில்லனை யோசித்து, திருப்பங்கள் வைத்து, எதிரில் இருப்பவர்கள் எதிர்பாராமல் எதையாவது செய்தால் அந்த நொடியே கதையை வளைத்தவர். பெயரைத் தவிர மற்றபடி அது எழுத்து வேலைதான். நாம் எதிரியின் தலையைக் குறிபார்த்துச் சுடுவதில் கண்ணும் கையும் பழகும். கதைசொல்லி பழகுவதில்லை.

மார்ட்டினிடமிருந்து உடனே சுடக்கூடிய பழக்கம் ஒன்று இருக்கிறது. இணையமே இல்லாத பழைய டாஸ் கம்ப்யூட்டரில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற அரதப்பழசான சாஃப்ட்வேரில்தான் எழுதுவதாக 2014-ல் ஒரு டி.வி பேட்டியில் சொன்னார். வேறு எதற்கும் ஆகாத மெஷின் அது. கேம் இருக்கும் அதே போனில் கதையும் எழுதுவேன் என்பது, பிரியாணிக் கடைக்குள் உட்கார்ந்து விரதம் இருப்பது மாதிரி. நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்.

முதல்ல எழுத்து, அப்புறம் லாபி

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதிய கட்டுரையில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டினார். பழைய வேலை முடியாமல் தொங்கினால் ஒட்டல் இன்னும் அதிகம். இப்போ யோசிங்க. ராங்க் கேம் எப்போதாவது 'முடிகிறதா'? அடுத்த டயருக்கு இன்னும் நாற்பது பாயின்ட், இன்றைய மிஷன் பாக்கி, சீசன் முடிய நாலு நாள் என்று எப்போதும் எதையாவது தொங்கவிட்டே அனுப்பும். அதனால் கேமை விட்டு எழுந்து எழுத வருகிறவர் பாதி மனசோடுதான் வருகிறார்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். எழுதிவிட்டு ஆடப்போனால் இதே ஒட்டல் நமக்குச் சாதகமாகத் திரும்பும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது ஹெமிங்வே சொன்ன வழி. கேம்காரர்களுக்கு இது புதுசில்லை, சேவ் பாயின்ட்தான்! வசனத்தின் நடுவிலேயே நோட்டை மூடிவிட்டு லாபிக்குப் போங்கள். ப்ளேன் பறக்கும் அந்தச் சில நொடிகளில்கூட, அவள் அடுத்து என்ன பதில் சொல்வாள் என்று மனசு நோண்டும். ஒரு கிளாசிக் மேட்ச் ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். அதே அரை மணி நேரம் முதலில் எழுத்துக்கு, ஸ்குவாடில் 'ஒம்பதரைக்கு வர்றேன்டா' என்று ஒரு மெசேஜ். பசங்க கலாய்ப்பாங்க. ரெண்டு நாளில் பழகிவிடும்.

எந்த கேம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 'ஸ்டார்டியூ வேலி'யில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடங்கள். தூங்கப்போனால்தான் சேவ் ஆகும், எழுந்தால் புது நாள், தோட்டத்தில் எதுவோ விளைந்திருக்கும். பார்க்க சாது, விடவே விடாது. தினமும் லாகின் பண்ணினால்தான் பரிசு என்கிற கேம்களை எழுத்து ஓடும் மாதங்களில் தள்ளிவைப்பது நல்லது. முடிவு உள்ள கதை கேம்கள் அந்த அளவுக்கு ஆபத்தில்லை.

டைமர்களை ரொம்ப நம்ப வேண்டாம். பி.ஜி.எம்.ஐ 2023 மே மாதம் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு தினம் 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடுதான் வந்தது. ஆறு மணி நேரம் ஆடிவிட்டு யார் கதை எழுதப்போகிறார்கள்? ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங்கில் நீங்களே ஆப் டைமர் வைக்கலாம். அதை நீங்களே எடுத்தும் விடலாம் என்பதுதான் சிக்கல்.

எழுத்து தள்ளிப்போவது ஒரு பிரச்னை. வேலை, படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் கெட்டும் நிறுத்தவே முடியவில்லை என்றால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் இதை 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்று நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு வருஷமாவது இந்த நிலை நீடித்தால்தான் அந்தப் பெயர். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 'ஷட் கிளினிக்' இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கேமையே எழுதலாமா?

தாராளமா. ஆனால், மேட்சில் நடந்ததை அப்படியே எழுதினால் படிக்கிறவருக்குக் கொட்டாவிதான் வரும். கேமில் செத்தால் ரெண்டு நிமிஷத்தில் லாபியில் நிற்பீர்கள். கதையில் செத்தால் செத்ததுதான், வீட்டில் யாரோ அழ வேண்டும். அதனால், ஆளில்லாத போச்சிங்கி வீடுகளில் சண்டைக்கு முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். தினமும் ஸ்குவாடில் சிரித்துப் பேசி, முகமே தெரியாமல் ஒருநாள் ஆன்லைனில் வராமல்போன நண்பனைப் பற்றி எழுதுங்கள்.

ஒரு நல்ல உதாரணம், 2023-ல் வந்த 'வெண்பா'. டொரன்டோவைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு சிதைந்துபோயிருக்கும், விடுபட்டதை நாம் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். ஆரம்பமே இட்லி. சண்டை கிடையாது, ராங்க் கிடையாது, ஒரே மாலையில் முடிந்துவிடும். அடுத்த வருஷமே பாஃப்டாவில் அறிமுக கேம் விருது வாங்கியது. ஆடி முடித்த இரவில் தலைக்குள் கட்டங்கள் விழாது, உங்கள் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிதான் வந்து நிற்கும்.

அந்த மாதிரி ஒன்றைச் செய்து பார்க்க கோடிங் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. 'ட்வைன்' என்று ஓர் இலவச டூல், பிரவுசரிலேயே ஓடும். 'கதவைத் திற', 'திறக்காதே' என்று வாசகர் தேர்ந்தெடுக்கும் கிளைக்கதைகளைத் தமிழிலேயே எழுதி, லிங்க் கொடுத்து இணைக்கலாம். முதல் வாசகர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒம்பதரைக்கு லாபியில் நாலு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள், அனுப்பிவிடுங்கள்.