சங்கிலி வாள் பொறியின் அமுக்கக் குறைவும் கார்புரேட்டர் சீரமைப்பும்

சங்கிலி வாள் (வழக்கில் செயின்சா, மரம் அறுக்கும் மெசின்) என்பது சிறிய இருவீச்சுப் பெட்ரோல் பொறியால் பற்சங்கிலியை வேகமாக ஓட்டி மரம் அறுக்கும் கைக்கருவி ஆகும். இப்பொறி வலுவிழக்கும்போது முதலில் உருளையின் அமுக்கத்தை (கம்ப்ரெஷன்) அளந்தறிய வேண்டும். அமுக்கம் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டரின் திருகுகளைத் தொடுவது முறையாகும். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் இம்முறைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அடிவாரத்துக்கும் மலைத் தோட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடு உள்ளதே இதற்குக் காரணம்.

ஏலத்தோட்டங்களில் பயன்பாடு

ஏலச்செடி மர நிழலில் வளர்வது. நிழல் மிகுந்தால் காய்ப்புக் குறையும். குறைந்தால் இலை கருகும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் பலா, சந்தன வேம்பு போன்ற நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் கவாத்துப் பணி நடைபெறுகிறது. காற்றில் விழுந்த மரங்களை அகற்றவும், காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு விறகு துண்டிக்கவும் வாள் தேவைப்படுகிறது. மரத்தை அடியோடு வெட்டுவது வேறு செய்தி. தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955 ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி பெற வேண்டும். கேரளப் பகுதிக்குத் தனி விதிகள் உள்ளன.

உயரமும் கலவையும்

போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்திலும், மலைப்பாதையின் உச்சியான போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்விரு இடங்களுக்கும் இடையே காற்றழுத்தம் சுமார் 12 விழுக்காடு குறைகிறது. மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவாக, அதாவது 10 விழுக்காடு அளவில் குறையும். சாதாரண கார்புரேட்டர் இதனைத் தானாக உணர்வதில்லை. அடிவாரத்தில் சரிசெய்த வாள் மலையில் பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடும். புகை கக்கும், வலு குறையும், பிளக் கறுத்து நனையும். இது தொல்லையே தவிரப் பெருங்கேடு அன்று.

கேடு விளைவது எதிர்த்திசையில்தான். மலையில் நன்றாக ஓடும்படி திருகைச் சுருக்கி வைத்த வாளைப் போடிக்குக் கொண்டுவந்து முழு வேகத்தில் ஓட்டினால், அடர்ந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைப்பதில்லை. இருவீச்சுப் பொறியில் மசகெண்ணெய் பெட்ரோலில் கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். வெப்பம் ஏறும் அதே நேரத்தில் மசகும் குறைவதால் பிஸ்டன் உருளையில் உரசிக் கீறல் விழுகிறது. அதன் பின் வருவதே நிலையான அமுக்கக் குறைவு. தவறான சீரமைப்பும் அமுக்கக் குறைவும் தனித்தனிப் பழுதுகள் போலத் தோன்றினாலும், பல வாள்களில் முதலாவதன் விளைவே இரண்டாவது.

பெட்ரோலின் மாற்றமும் இதே திசையில் செயல்படுகிறது. இந்தியாவில் 2025 ஆம் ஆண்டளவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலில் ஆக்சிசன் இருப்பதால் பழைய பெட்ரோலுக்கு ஏற்ப வைத்த அதே திருகு நிலையில் கலவை மெலியும். அது ஈரத்தை ஈர்ப்பதால், கலந்த எரிபொருளை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பதும் நன்றன்று.

அமுக்கத்தை அளத்தல்

பட்டறைகளில் முதலில் செய்யப்படுவது கயிற்றுச் சோதனை. பொறியின் நிறுத்து விசையை அணைத்து, துவக்குக் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து வாளைத் தொங்கவிட வேண்டும். நல்ல பொறி விட்டுவிட்டுத் தயங்கி இறங்கும். தேய்ந்தது தடையின்றிக் கீழே வரும். அமுக்கம் தணிக்கும் பொத்தான் உள்ள வாள்களில் அது மூடியிருக்க வேண்டும். இச்சோதனை ஓர் ஊகத்தையே தரும்.

சரியான அளவுக்குப் பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைத் திருக வேண்டும். விசையை அணைத்து, சோக்கைத் திறந்து, வேக விசையை முழுதும் அழுத்தியபடி, முள் மேலும் ஏறாத வரை கயிற்றை இழுக்க வேண்டும். பெரும்பாலும் ஆறு முதல் பத்து இழுப்புகள் போதும். வேக விசையை அழுத்தாமல் அளப்பது பரவலான தவறு. காற்று உள்ளே வராமையால் நல்ல பொறியும் தேய்ந்ததாகத் தோன்றும். கார் பட்டறையின் நீண்ட குழாய் மானியும் பொருந்தாது. வாளின் உருளை மிகச் சிறியதாகையால், குழாயின் உட்பரப்பே அளவைக் குறைத்துக் காட்டிவிடும். ஒருவழி அடைப்பிதழ் பிளக் முனையிலேயே அமைந்த மானி தேவை.

பொதுவாக 150 பி.எஸ்.ஐ. அளவோ அதற்கு மேலோ காட்டும் பொறி நலமானது. 120க்குக் கீழே வலுக்குறைவு தெரியத் தொடங்கும்; 100க்குக் கீழே, குறிப்பாகச் சூடான பின், துவக்குவதே கடினம். எனினும் எந்த உயரத்தில் அளக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். போடியில் 150 காட்டும் பொறி போடிமெட்டில் 132 அளவே காட்டும். மலையில் எடுத்த அளவைச் சமவெளி அளவோடு ஒப்பிட்டு நல்ல பிஸ்டனை மாற்றுவது வீண் செலவு.

அளவு குறைந்தால் பிளக் துளையில் சில துளிகள் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். முள் நன்கு ஏறினால் ரிங்கு அல்லது உருளைத் தேய்வு என்று கருதலாம். எண்ணெய் மிகுதியாக விட்டால் அதுவே இடத்தை அடைத்து அளவை உயர்த்திக் காட்டும். இதைவிட நம்பத்தக்கது நேரில் பார்ப்பதே. சைலன்சரைக் கழற்றி, வெளியேற்றுத் துளை வழியே விளக்கொளியில் பிஸ்டனை நோக்கினால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். வெளியேற்றுப் பக்கத்தில் செங்குத்துக் கீறல்கள் இருந்தால் மெலிந்த கலவையையோ மிகை வெப்பத்தையோ ஐயுற வேண்டும். உள்ளிழுக்கும் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் காற்று வடிகட்டி வழியே மரத்தூள் புகுந்துள்ளது எனலாம். கரி படிந்து ரிங்கு தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சுத்தம் செய்வதே போதும். தளர்ந்த பிளக்கும், கசியும் அமுக்கம் தணிக்கும் பொத்தானும் மலிவான காரணங்கள். அவற்றை முதலில் பார்ப்பது நலம்.

அமுக்கம் சரியாக இருந்தும் சும்மா ஓடும் வேகம் ஏறியிறங்கினால் வெளிக்காற்றுக் கசிவை ஐயுற வேண்டும். வளைதண்டின் இருபுறச் சீல்கள், கார்புரேட்டரை உருளையோடு இணைக்கும் இரப்பர்க் குழாய், அடித்தள கேசுகட்டு ஆகியவை வழக்கமான கசிவிடங்கள். உருளையின் அமுக்கத்தை மட்டும் அளக்கும் மானி இக்கசிவுகளைக் காட்டாது. பொறியின் துளைகளை அடைத்து, குறைந்த காற்றழுத்தம் செலுத்தி, அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவைத் திருகால் ஈடுசெய்ய முயல்வதில்தான் பல பொறிகள் அழிகின்றன.

சைலன்சரின் தீப்பொறித் தடுப்பு வலை கரியால் அடைபட்டாலும் வலு குறையும். அதைத் துலக்காமல் பிடுங்கி எறிவது ஏற்புடையதன்று. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் உலர்ந்த புல் எவ்வளவு விரைவாகத் தீயைக் கொண்டுசெல்லும் என்பதற்கு அதுவே சான்று.

கார்புரேட்டர் சீரமைப்பு

சங்கிலி வாளில் மிதவைக்கு மாற்றாகச் சவ்வு கொண்ட கார்புரேட்டர் உள்ளது. அதனால்தான் எந்தப் பக்கம் சாய்த்தாலும் பொறி ஓடுகிறது. இச்சவ்வு விறைத்துப்போனால் எந்தத் திருகும் பயன் தராது. உதிரித் தொகுப்பு வாங்கி மாற்ற வேண்டும்.

வழக்கமாக மூன்று திருகுகள் இருக்கும். எல் குறைவேகக் கலவையையும், எச் முழுவேகக் கலவையையும், டி அல்லது எல்ஏ எனக் குறித்தது சும்மா ஓடும் வேகத்தையும் கட்டுப்படுத்தும். எல், எச் இரண்டையும் வெளிப்புறம் திருப்பினால் பெட்ரோல் கூடும். மெதுவாக முழுதும் மூடி, ஒரு சுற்றுத் திறப்பது பல மாதிரிகளுக்குத் தொடக்க நிலை. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ள வேண்டும். வடிகட்டி சுத்தமாகவும், எண்ணெய்க் கலவை சரியாகவும் (50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.), சங்கிலி பூட்டப்பட்டும், பொறி சூடேறியும் இருக்க வேண்டும்.

முதலில் எல் திருகை இருபுறமும் திருப்பி, வேகம் உச்சமடையும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்று அளவு வெளியே வைக்க வேண்டும். விசையை அழுத்தியதும் பொறி தயங்காமல் எழவேண்டும். பின்னர் டி திருகால் சங்கிலி அசையாமல் நிற்கும் வரை வேகத்தைக் குறைக்க வேண்டும். மரத்தின் மேல் கயிறு கட்டி நின்று கவாத்துச் செய்பவருக்குச் சும்மா ஓடும்போது நகரும் சங்கிலி உயிராபத்து ஆகும்.

எச் திருகே பொறியின் ஆயுளைத் தீர்மானிப்பது. சுமையின்றி முழு வேகத்தில் சில நொடிகள் மட்டும் ஓட்டிக் கேட்டால், சரியான கலவையில் ஒலி சற்றுக் கரகரத்து உடைந்து வரும். மரத்தில் வைத்து அறுக்கும்போது அக்கரகரப்பு நீங்கித் தெளிய வேண்டும். சுமையின்றியே ஒலி கூர்மையாகக் கீச்சிட்டால் கலவை மெலிந்துள்ளது. உடனே வெளியே திருப்ப வேண்டும். வேக வரம்பு கொண்ட மின்சுருள் உள்ள வாள்களில் அவ்வரம்பே கரகரப்பை உண்டாக்கும். அங்கே செவியை நம்பாமல் சுழற்சிமானியைக் கொண்டு, கையேட்டின் உச்சவரம்புக்குக் கீழே நிறுத்த வேண்டும்.

சீரமைப்பை வாள் வேலை செய்யும் உயரத்திலேயே செய்வது சிறந்தது. மேலும் கீழும் மாறி மாறிப் பயன்படும் வாளை அடிவாரத்துக்கு ஏற்ப வைத்து, மலையில் சிறிது புகையைப் பொறுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மலையில் எச் திருகைச் சுருக்கியிருந்தால், கீழிறங்கியதும் முதல் வேலையாக அதைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். எத்தனை சுற்று என்பதை வாளின் உறையிலேயே எழுதி வைக்கலாம். கலவையைத் தானே சரிசெய்யும் மின்னணுக் கார்புரேட்டர் கொண்ட வாள்களில் இவ்வேலை இல்லை. ஆனால் அமுக்கத்தை அவற்றிலும் அளந்தே அறிய வேண்டும்.