அம்மானைக் காயிலிருந்து அப்பளம் வரை: அண்ணாமலையில் விளையாட்டுப் பாட்டு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், ஆதி அண்ணாமலைப் பக்கம், மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. அவர் திருவெம்பாவை பாடிய இடம் அது என்பது ஊர் வழக்கு. பௌர்ணமிக் கூட்டத்தில் நடக்கிறவர்களில் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். தமிழில் விளையாட்டும் பாட்டும் எப்படிக் கைகோத்து வந்தன என்று தேடுகிறவர் அங்கே சற்று நிற்கலாம். திருவாசகத்தின் 51 பகுதிகளில் அண்ணாமலையில் அருளியவை என்று மரபு சொல்லும் திருவெம்பாவை, திருவம்மானை இரண்டுமே பெண்கள் வாயில் வைத்த பாட்டுகள். ஒன்றில் தூங்கும் தோழியைக் கேலி பேசி எழுப்பி நீராட அழைத்துப் போகிறார்கள். மற்றதில் காய் எறிந்து பிடிக்கிறார்கள்.

அம்மானை ஆட்டம் மாணிக்கவாசகர் காலத்தில் புதிதல்ல. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி சோழனைப் பாடுகிறது, கந்துகவரி பாண்டியனை, ஊசல்வரி சேரனை. மூவேந்தருக்கும் ஆளுக்கொரு விளையாட்டு! புகழ்ச்சி யாருக்கானாலும் பாட்டின் முதல் வேலை ஆட்டத்துக்குத் தாளம் தருவதுதான். பல காய்களைக் கீழே விழாமல் மாற்றி மாற்றி எறியும் கைக்கு ஒரு கணக்கு வேண்டும். ஒவ்வொரு பாட்டும் ‘அம்மானை’ என்று முடிவதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்: காய் கைக்குத் திரும்பும் இடம் அது.

9ஆம் நூற்றாண்டினர் என்று பலரும் கொள்ளும் மாணிக்கவாசகர், இந்த ஆட்டங்களை அரசர்களிடமிருந்து எடுத்துச் சிவனிடம் கொடுத்தார். ஆளை மாற்றினாரே தவிர ஆட்டத்தின் குறும்பை விடவில்லை. திருவம்மானை 20 பாட்டு, ஒவ்வொன்றும் ஆறடி. அதில் வரும் சிவன் மதுரையில் பிட்டுக்காக மண் சுமந்து, பாண்டியனிடம் அடி வாங்கிய கூலியாள். கூலி, அடி, பிட்டு என்று அன்றாடப் பாடுகளால் ஆன கடவுளைப் பெண்கள் காய் எறிந்துகொண்டே பாடுகிறார்கள். தில்லையில் பாடியதாகச் சொல்லப்படும் திருவுந்தியார் இன்னும் ஒரு படி மேலே. தக்கன் வேள்வி அழிந்த கதை அங்கே ஏறக்குறைய நகைச்சுவைக் காட்சி. சூரியனுக்குப் பல் போகிறது. இந்திரன் குயிலாக மாறி மரத்தில் ஏறிக்கொள்கிறான். மூன்றே அடி, முடிவில் குதித்தாடும் பெண்களின் ‘உந்தீ பற’. பெரியாழ்வாரும் இதே உந்தியில் இருவரை எதிரெதிரே நிறுத்தி இராமனையும் கண்ணனையும் போட்டியாகப் பாட வைத்தவர்தாம்.

இந்தப் பாட்டுகள் நின்றதற்கு பாட்டுதோறும் திரும்பும் அந்த ஒற்றைச் சொல்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஏடு வாசிக்கத் தெரியாதவளும் முடிவைப் பிடித்துக்கொண்டால் முன்னடிகள் தாமே வந்துவிடும். நினைத்தாலே முக்தி என்று பெயர் வாங்கிய தலத்துக்கு நினைவில் நிற்கும் பாட்டு பொருத்தம்தான். நினைவு கடல் கடந்தும் போயிருக்கிறது. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய்ச் சடங்கின் பெயருக்குள் திருவெம்பாவை ஒளிந்திருக்கிறது. ஊஞ்சலாடுவது ஒருகாலத்தில் அந்தச் சடங்கின் பகுதி. பாங்காக்கின் பெரிய ஊஞ்சல் 1784இல் நாட்டியது. ஆட்டம் நின்றுபோனாலும் கம்பம் நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் ஆட்டம் நின்று கம்பம் மட்டும் நின்ற கதைதான். 12ஆம் நூற்றாண்டில் திருவியலூர் உய்யவந்த தேவர் எழுதிய திருவுந்தியார் 45 பாட்டும் சைவ சித்தாந்தம். மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் முதலாவது. குதிப்பதற்கு அதில் யாரும் இல்லை. அம்மானை கலம்பகத்தில் ஓர் உறுப்பாகிச் சிலேடைப் புதிரானது: ஒருத்தி ஒன்று சொல்ல, அடுத்தவள் மடக்கிக் கேட்க, மூன்றாமவள் இரட்டுற மொழிந்து விடுவிப்பாள். அந்த வகையில் திருவண்ணாமலைக்கும் சைவ எல்லப்ப நாவலரின் அருணைக் கலம்பகம் வாய்த்தது. இன்னொரு பக்கம், இராமப்பய்யன் அம்மானை போன்ற நெடுங்கதைப் பாடல்களுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றில் காயும் இல்லை, கையும் இல்லை.

அண்ணாமலைக்கு உந்தி வந்தது 1927இல். 1923இல் அண்ணாமலையில் இருந்த ரமண மகரிஷியிடம் வந்துசேர்ந்த தமிழாசிரியர் முருகனார், திருவாசகத்தைப் பின்பற்றி ரமண சந்நிதி முறையைப் பாடிக்கொண்டிருந்தார். உந்தியாரில் சிவனின் லீலைகளைச் சொல்லி வந்தவர், தாருகாவனத்து முனிவருக்குச் சிவன் உபதேசிக்கும் இடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டு, அதை நீங்களே சொல்ல வேண்டும் என்று ரமணரைக் கேட்டார். அப்படிப் பிறந்தது 30 பாட்டு கொண்ட உபதேச உந்தியார். கர்மம், பக்தி, யோகம், ஞானம் என்று ஏறும் நூல், இந்திரன் குயிலாகி ஓடிய அதே மூன்றடியில்! ரமணரே பிறகு அதை வடமொழியில் உபதேச சாரமாக்கினார். அங்கே ‘உந்தீ பற’ இல்லை. கருத்து முழுதாகப் போய்ச் சேர்ந்தது, துள்ளல் தமிழிலேயே தங்கிவிட்டது.

உந்தியாரை மட்டும் வைத்து ரமணரை எடைபோட்டால் விளையாட்டுப் பாட்டு தத்துவத்துக்குள் போய் அடங்கிவிட்டது என்றுதான் முடிவுகட்டுவோம். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்திய அப்பளப் பாட்டு வேறு கதை சொல்கிறது. விரூபாட்சக் குகையில் இருந்த காலத்தில் தாயார் அழகம்மாள் அப்பளம் இட மகனைத் துணைக்குக் கூப்பிட்டார். மகன் பாட்டு இட்டுக் கொடுத்தார். உளுந்து ‘நான்’ என்னும் எண்ணம். அதை உடைக்கும் திரிகை ‘நான் யார்’ என்ற விசாரம். பிரண்டைச் சாறு சத்சங்கம், சீரகமும் மிளகும் மன அடக்கம், புலன் அடக்கம். உப்பு, பெருங்காயம், உலக்கை, குழவி, பலகை, நெய் என்று ஒரு சாமானும் விடுபடவில்லை. தத்துவத்தை ஒதுக்கிவைத்துப் படித்தாலும் செய்முறை சரியாகவே இருக்கும். அம்மானையாடிய பெண்களின் கையசைவு மாவு இடிக்கும் கையில் மறுபடி வந்ததாக எனக்குப் படுகிறது.

பின்னாளில் ஆசிரமத்தில் ஒரு சித்திரைப் பௌர்ணமி. விருந்து முடிந்து எல்லாருக்கும் வயிறு கனம். ஒரு நாள் விடு என்றால் விடாது, இரண்டு நாளுக்கு ஏற்றுக்கொள் என்றால் ஏற்காது என்று வயிற்றை நொந்துகொள்ளும் ஔவையின் வெண்பாவை ஒருவர் எடுத்துச் சொன்னார். ரமணர் வயிற்றின் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒரு நாழிகைகூட எனக்கு ஓய்வு தராமல் தின்கிறாயே, உன்னோடு வாழ்வதுதான் அரிது என்று உயிரைப் பார்த்து வயிறு புலம்பும்படி ஒரு பதில் வெண்பா பாடினார்.