சயாம் மண்ணில் தமிழர் ஓட்டம்

தைப்பிங்கிலிருந்து தெற்கே புகைவண்டியில் செல்வோர் முதலில் கோலகங்சாரையும், ஈப்போவுக்கு அப்பால் தாப்பா ரோட்டையும் கடப்பர். பெருநகரங்கள் அல்ல அவை. ஆயினும் 1943ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஓர் ஆண் மகவும், தாப்பாவில் ஒரு பெண் மகவும் தமிழ்க் குடும்பங்களில் தோன்றின. முன்னவர் மணி ஜெகதீசன், பின்னவர் எம். ராஜமணி.

அவ்வாண்டின் கொடுமையை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், சயாம் காட்டில் இரயில் பாதைக்கு மண் சுமந்து, பசிக்கும் காலராவுக்கும் இரையாயினர்.

பதினேழாண்டுகள் சென்றன. 1960இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், பள்ளிப் பருவம் நீங்காத பதினாறு வயது ஜெகதீசன் 400 மீட்டர் ஓடினார். 1962இல் ஜக்கார்த்தாவில் 200 மீட்டரில் ஆசியாவையே வென்றார். மருத்துவம் கற்றுக்கொண்டே ஓடியமையால் ‘பறக்கும் டாக்டர்’ என்று உலகம் அவரை அழைத்தது. ராஜமணியோ 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடினார்.

1966 டிசம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி பாங்காக்கில் நடைபெற்றது. ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றார். ராஜமணி 400 மீட்டரில் மகளிர் தங்கத்தை வென்றார். எந்தச் சயாம் நாட்டில் நம்மவர் பெயரின்றி மாண்டனரோ, அந்நாட்டின் தலைநகரிலேயே, அத்துயர ஆண்டில் பிறந்த இருவர் நம் பெயரை நிலைநாட்டினர். நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது அவ்வாண்டுதான் முதன்முதலாக வழங்கப்பட்டது. ஆடவரில் அவரும் மகளிரில் இவரும் அதனைப் பெற்றனர். 1968இல் மெக்சிக்கோவில் 200 மீட்டரை ஜெகதீசன் 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை, 2017 வரை நாற்பத்தொன்பது ஆண்டுகள் நின்றது.

இதனை வெறும் பெருமைக்காக நாம் எழுதவில்லை. அக்காலத்தில் நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குப் பரந்த திடல் இருந்தது. தோட்டத்துப் பள்ளியோ பல இடங்களில் ஒரு கொட்டகை. ஆறாம் வகுப்போடு படிப்பும் ஓய்ந்தது. விடியுமுன் எழுந்து மேடுபள்ளங்களில் நிரை தோறும் ஓடிப் பால் மரம் வெட்டிய கால்களுக்கு வேகம் இல்லாமலா போயிற்று? அவ்வேகத்தை அளந்து பார்க்க ஒரு திடலும், ஒரு கடிகாரமும், ஓர் ஆசிரியரும் இல்லை என்பதே உண்மை. பெண் பிள்ளைகளுக்கோ, வீட்டாரின் இசைவும் இல்லை. பருவம் எய்திய பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்ட வீடுகளுக்கெல்லாம் ராஜமணியின் தங்கமே விடையாகும்.

திறமை குலத்தைப் பார்த்துப் பிறப்பதில்லை. வாய்ப்பைப் பார்த்தே வளர்கிறது. பெற்றோர்களே! கோயில் திருவிழாவுக்குப் பணம் திரட்டும் நாம், பள்ளித் திடலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோமாக. மகனுக்கு வாங்கும் ஓட்டக் காலணியை மகளுக்கும் வாங்குவோமாக. சயாமில் மாண்டோர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.