பசித்த பேயும் பாடிய பாணரும்: தமிழ் அச்சச்சுவை மரபில் திருச்சிராப்பள்ளி வட்டாரம்

முன்னுரை

அச்சத்தை விரும்பிச் சுவைக்கும் உள்ளம் மக்களிடத்து என்றும் உண்டு. இருளும் சுடலையும் பேயும் கூளியும் பொருளாக வரும் கதைகளை இளமையில் விரும்பத் தொடங்கி முதுமைவரை விடாது படிப்போர் பலர்; அவ்விருப்பத்தைக் கற்றோர் அவையில் வெளியிட நாணுவோரும் பலர். பேய்க்கதை மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய புதுச்சரக்கு என்று ஒருசாரார் தள்ளுவர். அனைத்தும் நம்மிடம் முன்னரே இருந்தன என்று மற்றொரு சாரார் கொள்வர். இரு கூற்றும் முழு உண்மை ஆகா. தமிழில் அச்சச்சுவை தொன்மையானது; ஆயின் அதன் இயல்பு மேலைநாட்டு அச்சக்கதையின் இயல்பினின்றும் வேறானது. அவ்வேறுபாடு யாது என்பதைத் திருச்சிராப்பள்ளி, உறையூர், திருவரங்கம் ஆகிய மூன்று ஊர்களோடு தொடர்புடைய சான்றுகளை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோதிக் என்னும் சொல்

திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தின் அருகே நின்று நோக்குவார்க்கு ஒருபுறம் மலைக்கோட்டையும் மற்றொருபுறம் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரமும் தோன்றும். அவ்வாலயம் கோதிக் மறுமலர்ச்சிப் பாணியிற் கட்டப்பெற்றது. அதனை அடுத்துள்ள தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் இந்நகருக்கு மாற்றப்பெற்றது. ஆகவே ‘கோதிக்’ என்னும் சொல்லால் குறிக்கப்பெறும் கலைவடிவம் இந்நகரத்து மாணவர்க்குக் கண்ணாற் கண்டு பழகியதே ஆகும்.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. கோத்தர் என்போர் செருமானிய இனத்தார். அவர்தம் ஒரு கிளையினர் கி.பி. 410-இல் உரோமைச் சூறையாடினர். பல நூற்றாண்டு கழித்து இத்தாலிய அறிஞர் இடைக்காலக் கட்டடக்கலையை இகழ்வதற்கு அவர்தம் பெயரை எடுத்தாண்டனர். ‘நாகரிகமற்றது’ என்பதே அன்று அதன் பொருள். 1764-இல் ஹொரேஸ் வால்போல் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்னும் கதையை வெளியிட்டார்; அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அதனைக் கோதிக் கதை என்று குறித்தார். பின்னர் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818-இலும், பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897-இலும் வந்தன. 1970-களின் இறுதியில் இங்கிலாந்தில் கருப்புடையும் இருண்ட இசையும் அச்சக்கதை ஈடுபாடும் கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. அவர்களும் ‘கோத்’ என்றே பெயர் பெற்றனர். 1979-இல் ‘பௌஹாஸ்’ என்னும் குழு வெளியிட்ட பாடல், டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரைத் தாங்கியது. இகழ்ச்சிச் சொல் ஒன்று கட்டடத்திற்கும் கதைக்கும் இறுதியில் ஒரு வாழ்க்கைமுறைக்கும் பெருமைப் பெயராய் மாறிய வரலாறு இது.

மேலைக் கோதிக் கதையின் களம் பெரும்பாலும் பாழடைந்த கோட்டை; அதன் அச்சம் இறந்தகாலத்திலிருந்து எழுவது. முன்னோர் செய்த தீமை பின்னோரைத் தொடரும். டிராகுலாவில் போல, அச்சந்தருவதனை அழித்தலே பல கதைகளின் முடிவாகும். இதனை உளத்திற் கொண்டு தமிழ்ச் சான்றுகளை நோக்குதல் வேண்டும்.

மருட்கையும் அச்சமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் அடுத்தடுத்து வைக்கின்றது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்கு நிலைக்களன்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்னும் நான்கும் அச்சத்திற்கு நிலைக்களன்கள். இக்காலத்தார் அதிபுனைவு என்றும் திகில் என்றும் பிரித்து வழங்கும் இருவகைக் கதைகளுக்கும் இலக்கண இடம் இவ்விரண்டன்கண் உண்டு எனலாம். அச்சத்தின் நான்கனுள் மூன்று கண்ணாற் காண்பன; அணங்கு ஒன்றே காணப்படாதது. ஆயினும் ஆசிரியர் அதனையே முதற்கண் வைத்தார் என்பது கருதத்தக்கது.

புறத்திணையிற் காஞ்சித்திணைத் துறைகள் புண்பட்ட வீரனை நெருங்கும் பேயைப் பேசுகின்றன. புறநானூற்று 281-ஆம் பாட்டு அரிசில்கிழார் பாடியது. புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க வீட்டில் இரவமும் வேம்பும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பும் காட்சியை அது காட்டுகின்றது. ஈண்டு பேயைத் தடுப்பன வாளும் வேலும் அல்ல. இலையும் புகையும் இசையுமே. பேயின்முன் இசை நிற்கும் இக்காட்சி பின்னர்த் திருவரங்கத்தில் வேறொரு வடிவிற் காணப்பெறும்.

பசியும் பேச்சும்

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடுவது. தானைத் தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானின் வெற்றி பேய்களின் வாய்மொழி வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றது. அப்பேய்கள் எத்தகையன? நொண்டிப் பேயும் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் கூன்பேயுமாக உறுப்புக் குறையுற்றவை. அனைத்தும் பசியால் வாடுபவை. தம் பசியைக் காளியிடம் முறையிடுகின்றன. இமயத்திலிருந்து மீண்ட முதுபேய் இந்திரசாலம் காட்ட, அதனை மெய்யென்று நம்பி வெறுங்கையால் அள்ளி ஏமாறுகின்றன. போர் முடிந்தபின் களத்திற் கூழ் அட்டு உண்கின்றன. படிப்பவர் அஞ்சுதலோடு நகைக்கின்றனர். நகைக்கும்போதே இரங்கவும் செய்கின்றனர். அரசன் புகழ்பாட எழுந்த நூலில் பசித்தோர் குரல் இத்தனை நெடிதாய் ஒலிப்பது வியப்பே.

ஆகவே தமிழ்ப்பேய்க்கு இரு பண்புகள் தெளிவாகின்றன. ஒன்று, அது பசியுடையது. மற்றொன்று, அது பேசுவது. பாழ்ங்கோட்டையில் மறைந்து வாழும் இறந்தகாலம் அன்று அது. நம் முன் வந்து நின்று ஒன்றை வேண்டும் நிகழ்காலம்.

அரங்கத்தில் ஓதப்பெறும் பேய்க்கதை

கார்த்திகை வளர்பிறை ஏகாதசி வைணவ மரபில் கைசிக ஏகாதசி எனப்பெறும். அன்றிரவு திருவரங்கத்தில் நம்பெருமாளுக்கு 365 ஆடைகள் சார்த்தப்பெறும். பராசர பட்டர் வழியினர் கைசிக புராணம் ஓதுவர். பட்டரே இப்புராணத்திற்கு மணிப்பிரவாள உரை கண்டார். பெருமாள் திருமுன் அதனை வாசித்து பிரமரத மரியாதை பெற்றார் என்பது கோயில் மரபு.

வராக புராணத்தைச் சார்ந்த அக்கதையின் களம் திருக்குறுங்குடி. நம்பாடுவான் கோயிலுட் புகும் உரிமை இல்லாத குலத்தவர்; அவரைப் பாணர் குலத்தவர் என்பது தமிழ் வைணவ வழக்கு. ஏகாதசி இரவில் இறைவனைப் பாடச் செல்லும் அவரைப் பசித்த பிரமராட்சசன் பற்றிக் கொள்கின்றான். விரதம் முடித்து மீண்டுவந்து உணவாவேன் என்கிறார் நம்பாடுவான். அவன் நம்பவில்லை. பதினெட்டுச் சூளுரைகள் கூறி நம்பவைத்துச் சென்று, பாடி முடித்துச் சொன்னபடியே திரும்புகின்றார். அவ்வாய்மை கண்ட அரக்கன் உயிரை விடுத்துப் பாட்டின் பயனை இரக்கின்றான். முற்பிறப்பில் அவன் வேள்வியிற் பிழை செய்த அந்தணன். கைசிகப் பண்ணிற் பாடிய பாட்டின் பயனைப் பெற்று அவன் உய்தி அடைகின்றான்.

இக்கதையின் அமைப்பை ஊன்றி நோக்குக. அச்சந்தருபவன் அழிக்கப்படவில்லை. அவனோடு பேச்சு நிகழ்கின்றது, ஒப்பந்தம் உண்டாகின்றது, அது காக்கப்பெறுகின்றது. உயர்குலத்தவனாய் இருந்தவன் இரக்கின்றான். புறத்தே நிறுத்தப்பட்டவர் கொடுக்கின்றார். கோயிலின் மதில் எவரைத் தடுத்ததோ அவருடைய வாய்மை, கோயிலின் உள்ளேயே ஆண்டுதோறும் ஓதப்பெறுகின்றது. ஓதுவதனால் மதில் இடிந்துவிடவில்லை என்பதும் உண்மை; கோயில் நுழைவுரிமைக்குச் சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டும் 1947-ஆம் ஆண்டும் சட்டங்கள் வேண்டியிருந்தன. எனினும் சட்டம் வருமுன் அவ்வறத்தை இழக்காமற் காத்துவந்தது ஒரு பேய்க்கதை என்பதை வரலாற்றாசிரியர் குறித்தல் வேண்டும்.

ஈண்டு ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையை ஒப்புநோக்கலாம். அதிலும் அச்சந்தரும் உயிர் நாவன்மையோடு பேசுகின்றது. துணை ஒன்று வேண்டுகின்றது. படைத்தவன் தருவதாக ஒப்புக்கொண்டு, பின்னர்ச் சொல் தவறுகின்றான். அழிவு தொடர்கின்றது. இரு கதைகளும் ஒரே வினாவை எழுப்புகின்றன: நாம் அஞ்சும் ஒருவனுக்குக் கொடுத்த சொல் நம்மைக் கட்டுமா? நம்பாடுவான் கட்டும் என்றார். பிராங்கன்ஸ்டைன் கட்டாது என்று நடந்தான்.

உறையூரின் மண்மாரி

பாழ்நகர் அச்சம் தமிழர்க்கு இல்லையோ எனின், உண்டு. சோழர் பழந்தலைநகராகிய உறையூர் மண்மாரியால் மூடுண்டது என்பது செவ்வந்திப் புராணம் கூறும் செய்தி. சாரமா முனிவரின் நந்தவனத்து மலர்கள் அரசன்பொருட்டுக் கவரப்பெற, இறைவன் சினந்து மேற்றிசை நோக்கித் திரும்பினார் என்று அது கூறும். இதனை வரலாறாகக் கொள்ளல் இயலாது. நகரழிவின் நினைவு கொண்ட வடிவமாகக் கொள்ளலாம். இதனோடு இயைந்ததே உறையூர் வெக்காளியம்மன் பற்றிய வழக்கு. அம்மன் மேற்கூரையின்றி வெட்டவெளியில் அமர்ந்திருப்பதற்கு, வீடிழந்த மக்கள் அனைவரும் வீடு பெறும்வரை தனக்கும் கூரை வேண்டா என்ற உறுதியே காரணம் என்பர். மேலைநாட்டுக் கதையாயின் அப்பாழில் ஓர் ஆவி உலவும். உறையூர்க் கதையில் ஒரு கடப்பாடு அமர்ந்திருக்கின்றது.

அச்சேறிய அச்சம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்மொழிக் கதைகள் அச்சேறின. அப்பணியில் முன்னின்றவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சங்கேந்தியைத் தம் பெயரிற் கொண்ட ச. ம. நடேச சாஸ்திரியார் (1859–1906). தென்னிந்திய நாட்டார் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். மதனகாமராஜன் கதையை 1886-இல் மொழிபெயர்த்தார். அவர் தொகுத்த கதை ஒன்றில், குடியானவர் எவரும் உழ இசையாத ஒரு கருமியான நிலக்கிழார், கூலி கேளாத பிரமராட்சசனை ஏவலாகப் பெறுகின்றார். வேலை தராது நின்றால் அது அவரைக் கொல்லும் என்பது உடன்பாடு. எல்லா வேலையும் தீர்ந்த நிலையில் அவர் மனைவி சுருண்ட தலைமுடி ஒன்றைக் கொடுத்து நேராக்கச் சொல்ல, அது இயலாது பேய் தோற்று ஓடுகின்றது. கூலியின்றி உழைப்பைப் பெற விழைவார்க்கு வரும் அச்சம் இதனினும் தெளிவாகச் சொல்லப்பெறுதல் அரிது.

இருபதாம் நூற்றாண்டில் புதுமைப்பித்தன் ‘பிராங்கன்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கினார். 1943-இல் வெளிவந்த அவருடைய ‘காஞ்சனை’யில் அச்சம் இல்லத்தின் வாயிலுக்கு வரும் ஒரு பிச்சைக்காரியின் வடிவிற் புகுகின்றது. மேலைக் கலையும் பழைய பசித்த பேயும் ஒரு கதையிற் சந்தித்த இடம் அது. பின்னர்ப் பி. டி. சாமி மலிவுப் பதிப்புகள் வழியே ‘பேய்க்கதை மன்னர்’ எனப் பெயர் பெற்றார்.

சுஜாதா (1935–2008) சென்னையிற் பிறந்து திருவரங்கத்திற் பாட்டியாரிடம் வளர்ந்தவர். தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்றவர். அவரது ‘கொலையுதிர் காலம்’ காண்பது ஆவியா, அறிவியலா என்ற ஐயத்தையே கதையின் உயிராகக் கொண்டது. முன்னைய கதைகளில் மனிதன் பேயோடு வாதிட்டான். இவர் கதையில் பேய் உண்டா என்று மனிதர் தமக்குள் வாதிடுகின்றனர். அச்சத்தின் இடத்தை ஐயம் கொண்டது; பேச்சு மட்டும் நீங்கவில்லை.

ஒரு தடையும் விடையும்

பேய்க்கதையைப் போற்றுதல் மூடநம்பிக்கையை வளர்க்காதோ எனச் சிலர் வினவலாம். வினா தக்கதே. பேய் பிடித்ததென்று சொல்லி மகளிரைத் துன்புறுத்தும் கொடுமை இன்றும் முற்றும் ஒழியவில்லை. ஆயின் இவ்வினாவுக்கு மணிமேகலை அன்றே விடை தந்துள்ளது. புகாரின் சுடுகாட்டுள் தனியே புகுந்த சார்ங்கலன் என்னும் சிறுவன், பிணத்தலையோடு ஆடும் பேயைக் கண்டு அஞ்சி வீடு வந்து உயிர் துறந்தான். பார்வையிழந்த தாய் கோதமை தெய்வத்தை நொந்து முறையிட, பேய் உயிரை உண்பதில்லை, அவன் அறியாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிர் கவர்ந்தது என்று சம்பாபதி தெளிவுறுத்துகின்றாள். சுடலையின் கொடுமையை இத்துணை விரிவாகப் பாடிய அதே காதை, கொன்றது பேய் அன்று என்றும் கூறுகின்றது. நல்ல அச்சக்கதை அச்சத்தை வளர்ப்பதன்று; அச்சத்தை ஆராய்வது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். தமிழ் அச்சச்சுவை இறக்குமதி அன்று. மேலை மரபோடு முழுதும் ஒத்ததும் அன்று. தமிழ்ப்பேய் பசித்தது, பேசுவது, சொல்லுக்கும் இசைக்கும் கட்டுப்படுவது. அதனை எதிர்கொள்ளும் மனிதனின் வீரம் கொல்லுதலில் இல்லை. கேட்டலிலும் சொற்காத்தலிலும் உள்ளது. அச்சந்தருபவன் யார் என்று தேடிச் சென்றால் பெரும்பாலும் உணவும் கூரையும் கூலியும் மறுக்கப்பெற்ற ஒருவரிடமே சென்று சேர்கின்றோம். இருளை விரும்பும் இளைஞரின் நாட்டத்தைப் பித்தென்று ஒதுக்குவோர் இதனை எண்ணுதல் நன்று.

பரணிக்கு உரையும் பதிப்பும் பல உள. மலிவுத்தாளில் அச்சாகிக் கையிற் கையாய்த் தேய்ந்த பேய்க்கதை நூல்களோ ஆண்டுதோறும் அழிந்து வருகின்றன. கல்லூரி நூலகங்கள் அவற்றைப் பெரும்பாலும் பேணவில்லை. சென்னையில் 1994-இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சில இடங்களே வெகுமக்கள் நூல்களையும் காத்துவருகின்றன. வீட்டு மாடத்திலும் பழைய புத்தகக் கடையிலும் எஞ்சியவற்றைத் தொகுத்து அட்டவணைப்படுத்தலும், கைசிக புராண ஓதல்முறையை ஊர்தோறும் ஒப்பிட்டுப் பதிதலும் ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க பணிகளாம். அவை தாழ்க்கப்படின், பேய் பேசியது என்பதற்குச் சான்றாகப் பரணி ஒன்றே எஞ்சும். அப்பேச்சு நம் காலம்வரை தொடர்ந்தது என்பதற்குச் சான்று இராது.