இராஜபாளையம் தந்த முதலமைச்சர்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் சாலையில் மேற்கு மலைத்தொடர் நம்முடனேயே வருகிறது. ஆண்டாள் கோவில் கோபுரம் கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்தில் பஞ்சாலைகளின் ஊர் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியே உள்ள இவ்விரு ஊர்களையும் ஒரு மனிதரின் பொதுவாழ்வு பிணைத்து வைத்திருக்கிறது. இராஜபாளையம் அவரைப் பெற்றெடுத்தது. திருவில்லிபுத்தூர்த் தொகுதி அவரைத் தோற்கடித்தது. அவர் பூ. ச. குமாரசாமி ராஜா. நம் நாடு குடியரசான நாளில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவரே. ஆயினும் இராஜாஜியையும் காமராசரையும் அறிந்த நம்முள் பலர் இவர் பெயரை அறியோம்.

1898ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அவர் பிறந்தார். பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜூக்கள் குலம் அவருடையது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். காந்தியடிகளின் கொள்கையும் தீரர் சத்தியமூர்த்தியின் நட்பும் அவரைக் காங்கிரஸ் இயக்கத்திற்குள் கொண்டு வந்தன. விடுதலைப் போரில் சிறை சென்றார். 1934ஆம் ஆண்டில் மத்திய சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1946இல் அமைந்த பிரகாசம் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

1949ஆம் ஆண்டு ஏப்ரலில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் பதவி விலகியதைத் தொடர்ந்து, குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று முதல்வரை அவ்வாறே அழைத்தனர். 1950 சனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பிரதமர் முதலமைச்சரானார், மாகாணம் மாநிலமாயிற்று. ஆந்திர மாவட்டங்களும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பெருநிலப்பரப்பு அது. போருக்குப் பின் வந்த உணவுப் பற்றாக்குறையும் பங்கீட்டு முறையும் மக்களை வாட்டிக்கொண்டிருந்தன. பொதுவுடைமைக் கட்சியினரின் கிளர்ச்சி ஒருபுறம். அதை அடக்க அரசு கையாண்ட கடுமை மறுபுறம். இவற்றின் நடுவே எளிய வாழ்வினரான ஒரு காந்தியவாதி ஆட்சிப் பொறுப்பில் அமர்ந்திருந்தார்.

நல்லவர் ஒருவர் ஆட்சிக்கு வந்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அந்த மூன்றாண்டு வரலாறு நம் நம்பிக்கையைச் சற்று நிறுத்திக் கேள்வி கேட்கிறது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். அவர்கள் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அந்நியர் ஆட்சியில் தாமே சிறையிருந்த ஒருவர் முதல்வராயிருக்கும்போது, குடியரசு பிறந்து மூன்று வாரம் கூட நிறையாத நிலையில், சிறைச்சுவர்களுக்குள் இது நிகழ்ந்தது. ஆணையிட்டது யார், தவறியது யார் என்று இங்கே தீர்ப்பு எழுத நாம் முற்படவில்லை. ஒருவருடைய ஆட்சியில் சிந்திய குருதியை மறைத்துவிட்டு அவருடைய நற்பண்பை மட்டும் பாடுவது வரலாறு ஆகாது என்பதையே சொல்கிறோம்.

அதே ஆண்டுகளில் மற்றொன்றும் நிகழ்ந்தது. புதிய அரசியலமைப்பின் பொருள் என்ன என்பதை உச்சநீதிமன்றம் வரையறுத்த தொடக்க கால வழக்குகள் பலவற்றில் எதிர்வாதியாக நின்றது சென்னை அரசே. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் இதழ் மாநிலத்திற்குள் நுழையக்கூடாதென அரசு தடுத்தது. 1950இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கிக் கருத்துரிமையை நிலைநாட்டியது. தடுப்புக் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், அதே ஆண்டில், அரசின் பக்கமே பெரும்பாலும் தீர்ப்பானது.

வகுப்புவாரி ஆணை வழக்கோ நம் கிறித்தவ மக்களையும் நேரே தொட்டது. கல்லூரி இடங்கள் ஒவ்வொரு 14க்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1 என்று அவ்வாணை பங்கிட்டிருந்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. சென்னை அரசு தோற்றது. தமிழகம் கொதித்தது, தந்தை பெரியார் முன்னின்று போராடினார். அதன் பயனாக அவ்வாண்டு சூனில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பின்தங்கிய வகுப்பினர்க்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் உரிமை மாநிலங்களுக்குக் கிடைத்தது. இன்று நம் பிள்ளைகள் இட ஒதுக்கீட்டில் படிக்கிறார்கள் என்றால், அதன் வேர்களுள் ஒன்று அந்தத் தோல்வியில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1951இல் அவ்வரசு கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்துச் சிரூர் மடம் வழக்காடியது. 1954இல் வந்த தீர்ப்பு, ஒரு சமயத்தின் வழிபாட்டையும் சடங்குகளையும் அச்சமயப் பிரிவே முடிவு செய்யலாம் என்றது. ஒரு மடம் பெற்ற அத்தீர்ப்பு எல்லாச் சமயத்தார்க்கும் அரணாயிற்று, நமக்கும்தான்.

விவிலியத்தில் தாவீது அரசரை நாம் ஏன் போற்றுகிறோம்? கோலியாத்தை வென்றதற்காக என்று சிறுவர் சொல்வர். நாத்தான் இறைவாக்கினர் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சுட்டியபோது தலை தாழ்த்தினாரே, அதற்காக என்று முதிர்ந்தோர் சொல்வர். ஆள்பவர் எவ்வளவு நல்லவராயினும் அவரைத் தடுத்து நிறுத்தும் குரல் ஒன்று நாட்டில் வேண்டும். நம் குடியரசின் முதல் ஆண்டுகளில் நீதிமன்றம் அக்குரலாயிற்று. அடுத்து மக்களே அக்குரலாயினர்.

1952 சனவரியில் முதற்பொதுத்தேர்தல் நடந்தது. சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. அமைச்சர்கள் பலர் வீழ்ந்தனர். முதலமைச்சரும் தம் சொந்த மண்ணான திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றார். தம்மைப் பிள்ளைப் பருவம் முதல் அறிந்த மக்கள், தம் கடைவீதியில் நடப்பவர்கள், தம்மை வேண்டாமென்றனர். ஒரு பொதுவாழ்வினர்க்கு இதைவிடக் கசப்பான கிண்ணம் உண்டோ? ஏப்ரலில் ஆட்சி இராஜாஜியிடம் சென்றது. குமாரசாமி ராஜா அமைதியாக விலகினார்.

பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில், அறுபது வயது நிறையுமுன்பே, மறைந்தார். இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அதை ஊருக்கே கொடுத்தார்; அவ்வில்லம் காந்தி கலை மன்றமாயிற்று. பதவியில் இருந்தவர்கள் வீடுகளைச் சேர்ப்பதையே பார்த்துப் பழகிய நமக்கு, இருந்த ஒரு வீட்டையும் கொடுத்தவர் வியப்பாகத்தான் தெரிவார். அவரைத் தோற்கடித்த மக்களும் அந்த மக்களின் பிள்ளைகளும் அக்கொடைக்கு உரியவர்களானார்கள் என்பதை எண்ணிப் பார்க்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், அரசியலைக் கடினமானதும் உயர்ந்ததுமான ஒரு கலையாகக் கண்டு, அதற்குத் தகுதியுள்ளவர்கள் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ளுமாறு அழைத்தது. 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித தாமஸ் மூரை அரசியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவரும் உயர்பதவியிலிருந்து இறங்கியவரே. ஆயினும் நம் பங்குகளில் இன்றும் அரசியல் என்றவுடன், அது நமக்கு வேண்டாத சாக்கடை என்று பொதுநிலையினர் பலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். ஒதுங்குவது தூய்மை ஆகாது. ஊராட்சி மன்றமோ நகராட்சியோ சட்டமன்றமோ, அங்கே செல்ல நம்மவர் முன்வர வேண்டும். செல்பவர்கள் மூன்றை மனத்தில் இருத்திச் செல்லட்டும்: நம் நல்லெண்ணம் மட்டும் தவறிலிருந்து நம்மைக் காக்காது, திருத்தும் குரலைப் பகையென எண்ணலாகாது, மக்கள் போதுமென்னும்போது கசப்பின்றி இறங்கத் தெரிய வேண்டும்.

குமாரசாமி ராஜா நம் சமயத்தார் அல்லர். எனினும் ஆண்டவர் தம் சீடர்க்கு வைத்த அளவுகோல் தொண்டுதான் என்றால், அந்த அளவுகோலால் அவரையும் அளந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு. குறையும் தெரிகிறது, நிறையும் தெரிகிறது. வாய்ப்புள்ளோர் இராஜபாளையம் செல்லும்போது அந்த இல்லத்தின் முன் சற்று நின்று வாருங்கள். எத்தனை ஆண்டு ஆண்டார் என்பது அங்கே நினைவுக்கு வராது. எதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்பதே வரும். நமக்கும் அந்தக் கேள்வி ஒருநாள் வரும்.